பஸ் கூரையில் மாட்டிக்கொண்ட தாலி

யுத்தத்துக்கு முன்பு நான் மதுரை சிம்மக்கல்லில் ஒரு பஸ் முதலாளியிடம் மெக்கானிக்காக இருந்தேன். அந்த நாளில் சாமான்களெல்லாம் பஸ் கூரையில்தான் போகும். மேலே கித்தான் என்ற முரட்டுத் துணியைப் போர்த்திக் கயிற்றால் கட்டுவார்கள். ஊருக்கு ஊர் நிறுத்தி, முடிச்சவிழ்த்து, மறுபடி கட்டி முடிப்பதற்குள் உள்ளே இருப்பவர்கள் டிரைவரின் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிடுவார்கள்.

இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கூரையைச் சுற்றியிருந்த சட்டத்தில் முழத்துக்கு ஒன்றாக இரும்பு வளையங்களைப் பொருத்தினேன். கித்தானின் ஓரத்தில் அதே அளவில் ஓட்டைகள் வைத்துத் தைத்தேன். வளையத்தை ஓட்டை வழியே வெளியே எடுத்து, எல்லா வளையங்களுக்குள்ளும் நீளக் கம்பி ஒன்றைச் செருகிவிட்டால் தீர்ந்தது. பக்கத்துக்கு ஒரு கம்பி. உருவினால் திறந்துகொள்ளும்.

முதலாளி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. மொதல்ல இந்த பஸ்ஸ ஒன் கல்யாணத்துக்குக் கொண்டுபோ. கெட்டா ஒன் சாமானோட போகட்டும்" என்றார்.

பெண் வீடு செக்கானூரணிக்கு மேற்கே. பெண்ணின் அப்பா பருத்தி வியாபாரி. விடியற்காலையில் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். தாலி, கூறைப்புடவை, ஜமுக்காளம், மெத்தை எல்லாம் கூரையில். நாகமலையைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது.

"சாமான் நனையுமேப்பா!" என்று அம்மா பதறினாள்.

"ஒரு சொட்டு எறங்காதும்மா" என்றேன். இறங்கவும் இல்லை. ஊர் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. பெண் வீட்டார் எல்லோரும் பார்க்கட்டும் என்று நானே ஏணியில் ஏறிக் கம்பியைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை.

டிரைவர் இழுத்தார். என் தாய்மாமன் இழுத்தார். நான்கு பேர் சேர்ந்து இழுத்தார்கள். கம்பி அப்படியே இருந்தது. "என்ன மாப்ள, பொண்ணக் கட்ட வந்தியா, பஸ்ஸக் கட்ட வந்தியா?" என்றார் மாமன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே மறுபடி இழுத்துப் பார்த்தேன். "முகூர்த்தம் தாண்டப்போகுது" என்று உள்ளிருந்து புரோகிதர் குரல் கொடுத்தார். மாமனார் அரிவாளோடு வந்தார். "கிழிச்சிருவமா?"

முதலாளியின் புதுக் கித்தான்! நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டு ஜன்னல் திறந்தது. தலை நிறையப் பூவோடு மணப்பெண் நின்றிருந்தாள்.

"கம்பிய இழுக்காதீக! மேல ஏறி மிதிங்க!"

"ஏய், சும்மாயிருடி" என்று யாரோ அவள் வாயைப் பொத்தினார்கள். அவள் கையைத் தள்ளிவிட்டாள். "பஞ்சுப் பொதி தைக்கையில ஏறி மிதிச்சாத்தான சாக்கு தொய்யும்? நனைஞ்ச துணி சுருங்கிக் கம்பியக் கவ்விக்கிட்டு இருக்கு. மிதிங்க, விட்டுரும்!"

அவள் சொன்னது எனக்கு உடனே விளங்கிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டி, கழுத்து மாலையோடு கூரை மேல் ஏறினேன். பின்னாலேயே ஆறேழு பேர் ஏறினார்கள். மெத்தைகள் மேல் நின்று எல்லோரும் குதித்தோம். கித்தான் தொய்ந்தது. மாமன் கீழிருந்து பலம் கொண்ட மட்டும் இழுக்க, கம்பி வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் கம்பியோடு சேற்றில் போய் உட்கார்ந்தார். எழுந்த ஆரவாரத்தைக் கேட்ட மேளக்காரர், தாலி கட்டியாகிவிட்டது என்று நினைத்துக் கெட்டிமேளம் கொட்டிவிட்டார்.

நேரத்துக்குள் தாலி கட்டினேன். மணையில் உட்கார்ந்திருந்தபோது அவள் குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்: "அம்புட்டு வளையம் யோசிச்சீகளே, மழைய யோசிக்கலியா?" என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. புரோகிதர் முறைத்தார்.

மதுரைக்கு வந்த பிறகு அவள்தான் வழி சொன்னாள். "கம்பிக்கு முன்னாடி, துணிய இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஒரு கொக்கி வைங்க. அதத் தட்டுனா துணி தொய்யணும். அப்பொறம் கம்பிய உருவுங்க." பட்டறையில் தடித்த கம்பியை வளைத்து அப்படியே செய்தேன். முதலாளி முன்னால் கித்தான் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். அவள் புடவையைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறிக் கொக்கியைத் தட்டினாள். இரண்டு விரலால் கம்பியை உருவிக் காட்டினாள்.

"நம்ம பஸ் அத்தனைக்கும் இதே மாதிரி வச்சிரு" என்ற முதலாளி, என்னையும் ஏணியில் நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அது சரி, இங்க மெக்கானிக் யாருப்பா?"

நான் ஏணியைக் காட்டினேன்.