பரிசு வாங்கிய பேஸ்ட் டியூப்

எங்கள் வீட்டுக் குப்பை ஒருமுறை பரிசு வாங்கியிருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மேடைதான் இல்லை, கைதட்டல் எல்லாம் உண்டு.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது, எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டையைத் தாண்டி இருந்த குப்பை பிரிக்கும் மையத்துக்கு எங்களை அழைத்துப் போவதாக மிஸ் சொன்னார். ஒவ்வொருவரும் வீட்டில் சேரும் கவர், அட்டை, பாட்டில்களை ஒரு பையில் கொண்டுவர வேண்டும். நல்ல பைக்குப் பரிசு. நல்ல பை என்றால் பெரிய பை என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

வீட்டில் தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. அப்போது அப்பா, தினமும் வேலைக்குப் போகும் பெங்களூர் ரயிலுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அது நீளமான லீவாகத்தான் தெரிந்தது. காலையில் கடுங்காப்பி, அதனால் பால் கவர் கிடையாது. பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்தே நாளாகியிருந்தது. நான் அழுத அழுகையில் அம்மா ஒரு காலி பேஸ்ட் டியூப்பை எடுத்துக் கொடுத்தாள். அதையும் அப்பா கத்தரிக்கோலால் நெடுக வெட்டி, உள்ளே பிரஷ்ஷை விட்டு வழித்து முடித்திருந்தார்.

"இத்தப் போயி எப்டிம்மா குடுக்கறது? எல்லாரும் சிரிப்பாங்க."

"நம்ம ஊட்ல குப்பையே சேராதுன்னு சொல்லு. இன்னாத்துக்குக் கூச்சம்?" என்று டியூப்பைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டாள்.

கடைக்கார வீட்டுப் பையன் இரண்டு மூட்டையோடு வந்திருந்தான். மையத்துக்குப் பொறுப்பாக இருந்த அக்கா ஒவ்வொரு பையாக மேசையில் கொட்டிப் பார்த்தார். அவன் மூட்டையிலிருந்து சாம்பார் ஒட்டிய கவரும் புளித்த தயிர் டப்பாவும் வர, அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டார். என் பையைக் கவிழ்த்தபோது டியூப் மட்டும் விழுந்தது. வகுப்பே சிரித்தது.

"இவ்ளோதானா கண்ணு?"

"எங்க ஊட்ல குப்பையே சேராது" என்றேன், அம்மாவைப் போலவே தலையை நிமிர்த்தி.

அக்கா டியூப்பை விரித்து எல்லோருக்கும் காட்டினார். "இன்னா சுத்தம் பாருங்க! ஊரே இப்டி குடுத்தா எங்க வேல பாதியாயிடும். பரிசு இந்தப் பொண்ணுக்குத்தான்."

சிரித்த வகுப்பே கைதட்டியது. பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த சிவப்பு மக்தான் பரிசு. தெரு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் போனேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அப்பா மக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்றும் அது எங்கள் குளியலறையில் இருக்கிறது. அந்த நாட்களில் என்னை ஒருவேளைகூடப் பட்டினி போடாத இருவரை நினைத்தால், பரிசு சரியான வீட்டுக்குத்தான் வந்தது என்று நெஞ்சு நிமிர்கிறது.

பிறகு அப்பாவுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தன்று எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கி, கேக், பிஸ்கட், சிப்ஸ், பால் என்று கை கொள்ளாமல் வந்தார். நான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வழிமறித்தேன்.

"இன்னாப்பா இவ்ளோ கவரு? நம்ம ஊட்டுப் பேரு இன்னா ஆவறது?"

அப்பா அப்படியே வாசலில் உட்கார்ந்து சிரித்தார். அம்மாவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பரிசு வாங்கிய வீடு இப்படிக் கெட்டுப்போகிறதே என்று நான் ஒருத்திதான் கவலைப்பட்டேன். காலி பிஸ்கட் கவரைக்கூட உடனே தூக்கிப் போட மனமில்லாமல் அம்மா ஏன் கையில் வைத்துக்கொண்டு நின்றாள் என்று அப்போது எனக்கு விளங்கவே இல்லை.