வேப்பனப்பள்ளிக் கயிறு

எனக்குப் பயம் பிடித்திருக்கிறது என்று எங்கள் காம்பவுண்டே நம்பிய வருடத்தில் எனக்கு எதைக் கண்டும் பயம் கிடையாது. பல்லியைப் பிடித்து டப்பாவில் போடுவேன். லாரிகளுக்கு நடுவே பெங்களூர் ரோட்டை ஓடிக் கடப்பேன். மூன்றாம் வகுப்பு டீச்சரையே முறைத்துப் பார்த்தவள் நான். ஆனாலும் பயந்தாங்கொள்ளிப் பட்டம் எனக்குத்தான் கிடைத்தது. கொடுத்தது என் அம்மா.

ஓசூரில் எட்டு வீடுகள் கொண்ட ஒரு லைனில் குடியிருந்தோம். விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த அப்பா, தகடு வெட்டும் ஒரு சின்னக் கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டினார். அந்த மெஷினில் இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். கைகள் பட்டனில் இருக்கும்வரை அச்சுக்குக் கீழே போக வழியில்லை. அதைச் செய்தவன் புத்திசாலி. எங்கள் ஆட்கள் அவனைவிடப் புத்திசாலிகள். ஒரு பட்டனை அமுக்கி அதன் ஓரத்தில் இரண்டு தீக்குச்சிகளைச் செருகிவிட்டால் அது மேலே எழாது. அப்புறம் இடது கையால் ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே வலது கையால் தகடு வைத்து எடுக்கலாம். வெட்டி முடிக்கும் பீஸ் கணக்கு இரண்டு மடங்காகும். சூப்பர்வைசருக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

அந்த வருடம் பக்கத்து மெஷினில் நின்ற அண்ணனுக்கு மூன்று விரல்கள் போயின. எங்கள் லைனில் கடைசி வீட்டுக்காரர் அவர். விரல்களைத் தகட்டுக் கழிவிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தது அப்பா. அன்றிலிருந்து அப்பா தீக்குச்சியைத் தொடவில்லை. இரண்டு கையாலும் அமுக்கினார். பீஸ் பாதியாகிவிட்டது. ஷிப்டுக்குக் கிளம்பும் முன் மூன்று தடவை கக்கூசுக்குப் போனார். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். தூக்கத்தில் அலறினார்.

அலறல் எட்டு வீட்டுக்கும் கேட்டது. காலையில் குழாயடியில் விசாரித்தவர்களிடம் அம்மா, "எங்க பாப்பாதான். எதையோ பார்த்துப் பயந்திருக்கா" என்றாள். குடத்தோடு பக்கத்தில் நின்ற நான் மறுக்க வாயெடுத்தபோது முதுகில் ஒரு கிள்ளு விழுந்தது.

ஒரே அறை வீட்டில் ரகசியம் பேசுவதென்றால் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுகிறது என்று நம்பிக்கொள்ள வேண்டும். அன்று சாயங்காலம் நான் எழுதுவதாக இருவரும் நம்பினார்கள்.

"மெஷின் முன்னாடி நின்னா கை வெறச்சுப் போகுதுடி. குச்சியை வச்சுட்டா அந்தப் பய கைதான் கண்ணு முன்னாடி வருது."

"அங்கிட்டு இருக்க மத்தவங்க எல்லாம் ஓட்டலையா? வேற ஆளப் போட்டுக்கிறேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாருங்கிறீங்க. ஊருக்குத் திரும்பிப் போயி என்ன செய்யிறது?"

அம்மாவைக் குற்றம் சொல்ல இன்றுவரை எனக்கு மனசு வரவில்லை. கோபம் மட்டும் வருகிறது.

வீட்டுக்கார அம்மாள் வழி சொன்னாள். வேப்பனப்பள்ளியில் ஒரு சாமியார் இருக்கிறார், மந்திரித்த தண்ணீரை முகத்தில் அடித்தால் "எப்பேர்ப்பட்ட பயமும் ஓடிப்பூடும்". ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் பஸ் மாறிப் போனோம். மாந்தோப்புக்கு நடுவே ஓட்டு வீடு. பயந்தவளாக முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. சாமியார் தெலுங்கில் என்னவோ முணுமுணுத்து, சொம்புத் தண்ணீரைப் பளாரென்று மூஞ்சியில் அடித்தார். மூன்று முறை. அப்புறம் வேப்பிலையால் தலையிலிருந்து கால்வரை அடித்தார். அப்பாவுக்கு விழ வேண்டிய அடி முழுவதையும் நான் வாங்கினேன்.

கறுப்புக் கயிற்றை என் மணிக்கட்டில் வைத்து அளந்தவரிடம் அம்மா, "கொஞ்சம் நீளமாக் குடுங்க சாமி, வளர்ற பிள்ளை" என்றாள். அவர் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டு மடங்கு நீளத்தில் அறுத்தார். "பயம் போனா கயிறு தானா போயிரும்" என்றார்.

கயிறு அப்பாவின் வலது கையில் ஏறியது. அது வெளியே தெரியாமல் இருக்க அவர் முழுக்கைச் சட்டைக்கு மாறினார். நான் பள்ளிக்கூடத்தில் 'வேப்பிலை' ஆனேன். லைன் பிள்ளைகள் பின்னாலிருந்து காதில் கத்திவிட்டு ஓடினார்கள். இரண்டு வாரம் பொறுத்தேன். அதற்குமேல் பொறுக்கும் வயசில்லை அது.

ஆயுத பூஜை வந்தது. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பங்களைக் கம்பெனிக்குள் விடுவார்கள். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. அப்பாவின் பிரஸ்ஸுக்கும் பட்டை போட்டு, அச்சுக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். பொரி கடலைப் பொட்டலத்தை நீட்டிய சூப்பர்வைசர் என் கன்னத்தைத் தட்டி, "பயந்துக்கினு கத்தற பாப்பா இதுதானா?" என்றார். லைன் பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் பயமில்ல. எங்கப்பாவுக்குத்தான் பயம். கயிறு அவர் கையிலதான் இருக்கு, பாருங்க" என்று அப்பாவின் சட்டைக் கையை இழுத்து மேலே தூக்கினேன்.

ஷெட்டே சிரித்தது. "அட, நம்மாளுக்கா வேப்பிலை அடிச்சாங்க?" என்று யாரோ கேட்டார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நான் ஜெயித்துவிட்டேன். அன்றைய பொரி மாதிரி ருசியான பொரியை நான் தின்றதில்லை.

லீவு முடிந்து அப்பா ஷிப்டுக்குப் போன காலையில் அம்மா ஸ்டவ்வைப் பற்றவைக்கத் தீப்பெட்டியைத் தேடினாள். அலமாரி, சாமி படம், எங்கேயும் இல்லை. "அப்பா டிபன் பையில போட்டுக்கிட்டுப் போனாரும்மா" என்றேன். அப்பாவுக்குப் பீடி சிகரெட் பழக்கம் கிடையாது. அம்மா மண்ணெண்ணெய் ஸ்டவ் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பின்பு பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்கி வந்து சோறாக்கினாள்.

பீஸ் ஏறியது. சூப்பர்வைசர் அப்பாவின் தோளில் கைபோட்டுப் பேசினாராம். அப்பா அலறுவது நின்றது. தூங்கினால்தானே அலறுவதற்கு. தீபாவளிக்கு முந்தின வாரம் கம்பெனி வேனில் ஒருவர் வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார்.

இப்போது பெங்களூரில் என் ஆபீசுக்கு வருடம் ஒருமுறை ஒருவர் வந்து பயத்தைப் பற்றி வகுப்பெடுக்கிறார். பயம் வந்தால் விரட்டாதீர்கள், அது என்ன சொல்ல வருகிறது என்று உட்கார்ந்து கேளுங்கள் என்கிறார். எல்லோரும் எழுதிக்கொள்கிறார்கள். எனக்கு வாயெல்லாம் கசக்கும். அப்பாவின் பயம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொன்னது, அதுவும் சரியாகச் சொன்னது. அதை விரட்டச் சாமியார், அம்மா, சூப்பர்வைசர் என்று ஆட்கள் இருந்தார்கள். போதாததற்கு நானும் இருந்தேன்.

வேன் வந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். அப்பாவின் வலது கை ஒரு பெரிய வெள்ளை மூட்டையாக மார்பின்மேல் கிடந்தது. கட்டைவிரல் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை என்று அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். நர்ஸ் சட்டைக் கையை வெட்டியபோது கயிற்றையும் சேர்த்து வெட்டியிருந்தார். மணிக்கட்டில் அது இல்லை என்பதை முதலில் கவனித்தது நான்தான். நல்ல செய்தியை நானே சொல்ல வேண்டும் என்று கட்டில்மேல் ஏறிக்கொண்டேன்.

"அப்பா, கயிறு போயிருச்சு! ஒங்களுக்குப் பயம் போயிருச்சுப்பா!"

"ஆமா பாப்பா" என்று சொல்லி அப்பா இடது கையால் என் தலையைத் தடவினார்.

அம்மா ஏன் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.