மிக்சர் பெட்டிக்கு வைத்த ஃபேன்

எண்பதுகளின் கடைசியில், ஓசூர்த் தேர்த் திருவிழா அன்று நடந்தது இது. அப்போது நான் ஒரு மைக் செட் கடையில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரே இடத்தில் ஏழு மாதம் என்பது எனக்கு ரொம்ப நாள். எட்டாவதோடு படிப்பை விட்டவன். காவேரிப்பட்டினத்தில் மாங்காய் மண்டி, கிருஷ்ணகிரிப் பக்கம் கல் குவாரி, ஓசூரில் கம்பெனி கான்ட்ராக்ட் என்று சுற்றியிருந்தேன். குவாரியில் இடது கைச் சுண்டுவிரல் நுனி போனது. மற்றபடி உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கடை முதலாளியிடம் ஒரு மிக்சர் இருந்தது. நாலைந்து மைக்கின் சத்தத்தைச் சேர்த்து, கூட்டி, குழாய் ஸ்பீக்கர்களுக்கு அனுப்புகிற பெட்டி. ஒரு மணி நேரம் ஓடினால் சூடேறிக் கரகரக்கும். பிறகு ஊமையாகிவிடும். ஆறவிட்டால்தான் மறுபடி பேசும். அதற்காகக் கல்யாண வீடுகளில் நாங்கள் திட்டு வாங்காத முகூர்த்தமே கிடையாது.

நான் சரி செய்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். பழைய இரும்புக் கடை ஒன்றில், கம்பெனிக்காரர்கள் கழித்துப் போட்ட மெஷினிலிருந்து ஒரு சின்ன ஃபேன் கிடைத்தது. மிக்சரின் மரப்பெட்டியில் பின்பக்கம் வட்டமாக அறுத்து, காற்று உள்ளே அடிக்கிற மாதிரி முடுக்கினேன். கடையில் வைத்து மூன்று மணி நேரம் ஓட்டியும் சூடே இல்லை. முதலாளி டீக்கடையில் எல்லோரிடமும், "நம்மாளு எட்டாவது படிச்ச இஞ்சினியருப்பா" என்றார். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

தேரன்று காலையில் முதலாளி ஒரு புது வெல்வெட் துணி கொண்டுவந்தார். கடைப் பெயரை ஜரிகையில் தைத்திருந்தார்கள். அதைப் பெட்டிமேல் போர்த்தி, சுற்றிலும் குட்டி ஆணிகள் அடித்து, நடுவில் சாமி படத்தை வைத்துச் சாமந்தி மாலை போட்டார். எங்கள் தொழிலில் எல்லாக் கடையிலும் அப்படித்தான். துணி போர்த்தாத செட்டை யாரும் மதிக்க மாட்டார்கள். "எது ஆனாலும் சாமிய மட்டும் எறக்கிடாத" என்று சொல்லிவிட்டு, வழியில் கட்டிய ஸ்பீக்கர்களைப் பார்க்கத் தேரோடு போய்விட்டார்.

தகரக் கொட்டகைக்குள் நானும் மிக்சரும்தான். ஃபேன் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உச்சி வேளையில் மிக்சர் ஊமையாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் ஒரு அம்மா ஓடி வந்தார். என் வயதுதான் இருக்கும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் பட்டுப்பூச்சி வளர்க்கிற குடும்பம், வீட்டில் பேசுவது தெலுங்கு. கூட வந்த அப்பாவைக் கூட்டத்தில் காணவில்லை. அவருக்கு ஞாபகம் தப்பிப்போய் ஒரு வருஷம் ஆகிறது. ஊர் பெயர் கேட்டால் சொல்லத் தெரியாது. தேர்வடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றால் விலகவும் தெரியாது.

"மைக்குல சொல்லுங்கண்ணா."

"செட்டு சூடாயிடுச்சும்மா. ஆறட்டும்."

"அது ஆறுற வரைக்கும் எங்கப்பன் நின்ன எடத்துலயே நிப்பாரா?"

நான் சும்மா இருக்கவில்லை. ஃபேனைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். கோணியை நனைத்துத் தகரத்தின் மேல் வீசினேன். ஒயர்களைப் பிடுங்கிச் செருகினேன். மிக்சர் இரண்டு வார்த்தை பேசி மறுபடி அடைத்துக்கொண்டது. அந்த அம்மா வெல்வெட் துணிமேல் கை வைத்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார்.

"அண்ணா, காத்து உள்ள போறதுக்கு வழி வச்சிருக்கீங்க. வெளிய வர்றதுக்கு வழி எங்க?"

"இது மெஷினும்மா, உங்களுக்குப் புரியாது."

"எது புரியாது? பூச்சி வளக்குற ஊட்டுல ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் வச்சா அத்தனையும் வெந்து செத்துப்பூடும். இதுக்கு மட்டும் ஜரிகை போட்டு கம்பளி போத்தி வச்சிருக்கீங்க. என்ன, குளுர் ஜுரமா?"

எனக்குச் சுரீர் என்றது. பெட்டியின் மேல்பலகை முழுக்கச் சூடு போவதற்கான துளைகள். கடையில் ஓட்டிப் பார்த்தபோது அவை திறந்து கிடந்தன. இப்போது எல்லாவற்றையும் துணி மூடியிருந்தது. காலையில் முதலாளி ஆணி அடிக்கும்போது ஆணியை எடுத்து எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

சாமி படத்தைத் தொடக் கை கொஞ்சம் தயங்கியது. அப்புறம் எடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்தேன். ஸ்க்ரூடிரைவரால் ஆணிகளை நெம்பினேன். ஆணியும் சுட்டது, துணியும் சுட்டது. விரலில் கொப்புளம் வந்தது. கடைசி நாலு ஆணி வராததால் வெல்வெட்டைக் கிழித்தே எடுத்தேன். துளைகள் வழியாகச் சோற்றுப் பானையைத் திறந்த மாதிரி அனல் மேலே வந்தது. ஃபேன் காற்று உள்ளே போய் மேலே வருவது கைக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மிக்சர் பேசியது. அதற்கப்புறம் நிற்கவே இல்லை.

காணாமல் போனவரின் அடையாளத்தைத் தமிழில் சொன்னேன், தெரிந்த கன்னடத்திலும் சொன்னேன். வெள்ளை வேட்டி, பச்சைத் துண்டு. தேருக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். திரும்பத் திரும்பச் சொல்லியும் யாரும் வரவில்லை. அந்த அம்மா சாமி படத்தை என் கையில் திணித்துவிட்டு மைக்கை வாங்கினார். அழவில்லை. வீட்டில் கூப்பிடுகிற குரலிலேயே, "நாயனா" என்று அப்பாவைக் கூப்பிட்டு, பூச்சிக்கு இலை போடுகிற நேரமாகிவிட்டது, எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறாய் என்று தெலுங்கில் அதட்டினார். நிறுத்தாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். குரல் கம்மியபோதும் மைக்கைக் கொடுக்கவில்லை.

அரை மணி நேரம் இருக்கும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெரியவர் விறுவிறுவென்று கொட்டகைக்கு வந்தார். துண்டு இல்லை, ஒரு காலில் செருப்பு இல்லை. இலை போடாமல் இங்கே என்ன செய்கிறாய் என்று மகளைத்தான் திட்டினார். அதற்கப்புறம்தான் அந்த அம்மா உட்கார்ந்து அழுதார்.

சாயங்காலம் முதலாளி வந்து கிழிந்த வெல்வெட்டைப் பார்த்தார். "சாமிய எறக்கிட்டியாடா?" என்றார்.

"இல்லண்ணா, மேல ஏத்திட்டேன்" என்று கொட்டகைக் கம்பத்தில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினேன். திட்டினார். ஆனால் அதன்பிறகு எங்கள் செட்டில் துணி பெட்டியின் முன்பக்கம் மட்டும்தான் தொங்கியது.

அந்தக் கடையையும் விட்டு, எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். இப்போதும் என் வேலையைப் பற்றி யாராவது ஏதாவது சொல்ல வந்தால், 'உங்களுக்குப் புரியாது' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வரும். அப்பாவைத் தேடி நின்ற ஒருத்தியிடம் அதைச் சொன்னவன் நான் என்பது நினைவுக்கு வந்து, அதை விழுங்கிவிட்டு, வந்தவர் சொல்வதை முதலில் கேட்டுக்கொள்கிறேன்.