புகை வராத லாரியும் நான் மூட்டிய கோளும்

புகை கக்காத புது பி.எஸ்.6 லாரி எங்கள் செட்டுக்கு வந்த அன்று, சாவி எனக்குத்தான் என்று தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றேன். முதலாளி அதை அந்தோணி கையில் கொடுத்தார்.

நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கிளீனராக ஏறி, யாரும் சொல்லித் தராமலே ஸ்டியரிங் பிடித்தவன். மரவள்ளிக் கிழங்கு லோடோடு வெள்ளிமலை வளைவுகளில் என்னைப் போல இறங்க, கள்ளக்குறிச்சியில் இன்றுவரை ஆள் இல்லை. சத்தத்தைக் கேட்டே எந்த இன்ஜெக்டர் கோளாறு என்று சொல்வேன். அந்தோணி நைனார்பாளையத்துக்காரன், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். கம்பெனிக்காரன் கொடுத்த புத்தகத்தை வரி விடாமல் படிப்பான். அதற்காகவே அவனுக்குப் புது வண்டி. எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு வாரம் கழித்து, மலையடிவாரத்தில் அவன் லாரி ஓரமாக நின்று உறுமிக்கொண்டிருந்தது.

"இன்னாடா, நின்னுக்கினே மலை ஏறுறியா?" என்றேன்.

"புகைக்கரி எரியுதுண்ணா. சைலன்சர்ல ஃபில்டர் கீது. மலையில மெதுவா போய்க்கினே இருந்தா கரி அடைச்சுக்குது. மஞ்ச லைட்டு வந்தா ஓரங்கட்டி இந்த சுவிட்ச அமுக்கணும். அதுவே ரேஸாயி அரை மணியில கரிய எரிச்சுத் தள்ளிடும். புகை வரக்கூடாதுன்னு ரூல்ஸ் ஆச்சே!"

பாதி புரிந்தது. மீதியைக் கேட்க மனசு வரவில்லை. அன்று சாயங்காலமே முதலாளியிடம் போனேன்.

"நிக்கிற வண்டிய அரை மணி உறும வுட்டு டீசலக் காலி பண்றாருங்க, உங்க படிச்ச டிரைவரு."

முதலாளி கூப்பிட்டுக் கேட்டார். அந்தோணி புத்தகத்தைப் பிரித்தான். நான் குரலை உயர்த்தினேன். "முப்பத்தாறு வருசமா ஓட்டுறேன். கரிய எரிக்க எந்த லாரியும் நின்னது இல்ல!" சத்தம் ஜாஸ்தியான பக்கம் சாவி வந்தது. என் பழைய லாரி அவனுக்குப் போனது. போகும்போது, "மஞ்ச லைட்டு வந்தா நிறுத்துண்ணா" என்று மட்டும் சொன்னான்.

நான்கு நாள் ராஜா மாதிரி ஓட்டினேன். ஐந்தாம் நாள் மஞ்சள் விளக்கு எரிந்தது. நிறுத்தினால் எதிரே வரும் அந்தோணி பார்த்துவிடுவான். அதனாலேயே நிறுத்தவில்லை. மறுநாள் முழு லோடோடு கச்சிராயப்பாளையம் தாண்டியதும் சிவப்பு விளக்கும் வந்தது. எவ்வளவு மிதித்தாலும் லாரி நடை வேகத்துக்கு மேல் போகவில்லை. அன்றைக்குள் சின்னசேலம் ஜவ்வரிசி மில்லில் இறக்காவிட்டால் கிழங்கு கறுத்துவிடும்.

எதிரே காலி வண்டியில் வந்தவன் அந்தோணியேதான். இறங்கி வந்தான்.

"இன்னாண்ணா, இறங்கி நடந்தா சீக்கிரம் பூடலாம் போல கீதே? மஞ்ச லைட்டு எப்ப வந்துது?"

"நேத்து காலையில."

"ஃபில்டர் முழுசா அடைச்சுக்கிச்சு, இனிமே சுவிட்ச அமுக்கி பிரயோஜனம் இல்ல. கம்பெனி ஆளு கம்ப்யூட்டரோட வரணும். கிழங்க என் வண்டிக்கு மாத்திக்கலாம், வா."

வண்டியைத் திருப்பி என் லாரிக்குப் பின்னால் ஒட்டி நிறுத்தினான். அப்போது முதலாளி போன் செய்தார். "இன்னாப்பா, இன்னும் மில்லுக்கு வரலியாமே? வண்டில ஃபால்ட்டா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பியிருப்பார். பக்கத்தில் அந்தோணி என் லோடின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"ஃபால்ட்டு என்னுதுங்க. அன்னிக்கு அந்தோணி சொன்னதுதான் சரி. நான்தான் கோள் மூட்டுனேன்."

முதலாளி, "சாவிய அவன்கிட்ட குடு" என்றார். கொடுத்தேன்.

புது வண்டி ஓட்ட வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மஞ்சள் விளக்கு எரிந்தால், யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் நிறுத்துங்கள்.

அந்தோணியின் லாரி இன்றும் மலையில் என்னை முந்திப் போகிறது. ஒவ்வொரு தடவையும் அதன் சைலன்சரைப் பார்க்கிறேன், துளி கரும்புகையாவது வராதா என்று. இதுவரை வரவில்லை.