சேலைக்கு மேல் வெள்ளைச் சட்டை

தீபாவளிக்கான கடைசி லோடு ஏறிப் போனதும் எங்கள் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகள் கொஞ்ச நாள் மூடிக் கிடக்கும். சாத்தூருக்கு அருகே எங்கள் சர்ச்சில் பாட்டுப் பயிற்சி அப்போதுதான் தொடங்கும். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடும் ஆண்கள் குழு. டெனர் என்னும் மேல்குரல், பேஸ் என்னும் அடிக்குரல், இரண்டே குரல்கள். சேர மூன்று விதிகள்: குரல் கீழே இறங்க வேண்டும், பயிற்சிக்குத் தவறக் கூடாது, வெள்ளைச் சட்டை போட வேண்டும்.

நான் கெமிக்கல் டிப்ளமோ முடித்து ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் இருந்தேன். ஞாயிறு ஆராதனையில் பெண்கள் வரிசையில் நின்று, மேல் சுரம் எட்டாமல் வாயை மட்டும் அசைப்பவள். டெனருக்கு ஆள் குறைந்த வருடம், குழுவை நடத்திய அண்ணாச்சி என்னைச் சேர்த்துக்கொண்டார். தீப்பெட்டி ஆபீஸில் போர்மேன் அவர். பேண்ட்டும் சட்டையும் நான் தினமும் போடுவதுதான். அந்த விதி எனக்கு உறுத்தவே இல்லை.

அடுத்த வருடம் எங்கள் ஊர் அக்கா ஒருவர் குழுவுக்குத் திரும்பி வந்தார். ஊர் அவரைப் பையன் என்று நினைத்திருந்த காலத்தில் இதே குழுவில் பேஸ் பாடியவர். சேலை கட்டத் தொடங்கியதும் நின்றுபோனவர். பாடிக் காட்டினார். உட்கார்ந்திருந்த பெஞ்சின் அதிர்வு என் காலுக்குத் தெரிந்தது. கரண்டு போனால் ஜெனரேட்டர் தேவையில்லை என்று டெனர்காரர் ஒருவர் கேலி செய்தார்.

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். குரலில் குறையில்லை, தெருவில் பேச்சு வரும், பாடும் நேரம் மட்டும் பேண்ட் சட்டையில் வந்தால் போதும் என்றார். பெண்ணான என்னைச் சேர்த்தீர்களே என்று கேட்டேன்.

"நீதான் சட்டை போடுறியே."

எனக்கு அது வெறும் உடுப்பு. அக்காவுக்கோ, கஷ்டப்பட்டுத் தாண்டி வந்த இடத்துக்குத் திரும்பிப் போவது. பாடவும் வேண்டும், சேலையையும் விட முடியாது. அவர் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. பயிற்சிக்கு மட்டும் தவறாமல் வந்தார்.

பாடப் போகும் சாயங்காலம் சர்ச் வாசலில் கூடினோம். அக்கா மஞ்சள் பூப்போட்ட சேலையில் வந்தார். அதன் மேல் முழுக்கை வெள்ளைச் சட்டை, எல்லாப் பொத்தானும் போட்டு. எங்கள் ஊரில் பட்டாசு வேலைக்கும் காட்டு வேலைக்கும் போகும் பெண்கள் அப்படித்தான், வீட்டு ஆம்பளைகளின் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு போவார்கள். என் அம்மாவும் அப்படிப் போனவர்தான்.

"சட்டை போட்டுட்டேன் அண்ணாச்சி."

"என்னக்கா, கூலிக்கா பாட வந்திருக்கீக?" என்றார் ஜெனரேட்டர் கேலி செய்த டெனர்காரர். எல்லாரும் சிரித்தோம், அக்காவும்தான். அண்ணாச்சி சிரிக்கவில்லை. திரும்பி வந்த பிறகும் அக்காவைப் பழைய வழக்கப்படி, பையன்களை அழைப்பதுபோல ‘ஏலே’ என்றே கூப்பிட்டு வந்தவர் அவர். அந்தச் சட்டையைப் பார்த்துச் சொன்னார்.

"வேலைக்கு வந்த மாதிரி இருக்கு. அதக் கழட்டி வச்சிட்டு வந்து நில்லு தாயி."

அக்கா சட்டையைக் கழற்றி மடித்து என் பையில் வைத்தார். பேஸ் வரிசையில் இருவர் நகர்ந்து இடம் விட்டார்கள்.

இப்போது நான் ஓசூரில் இருக்கிறேன். டிசம்பரில் லீவு கிடைத்தால் ஊருக்குப் போய் டெனர் வரிசையில் நிற்பேன். பின்னாலிருந்து அக்காவின் குரல் முதுகில் வந்து படும்.