தம்பி வாசித்த இரண்டு பேஸ்

ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே குடியிருப்பவன் வீட்டில் பால்கோவா வாங்கி வைத்திருந்தால் அது விருந்தாளிக்காகத்தான் இருக்கும். நான் கூடப் பிறந்த அக்கா, எனக்கு எதற்கு? தட்டை நீட்டியபோதே தம்பிக்கு ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

நானும் அவனும் சேர்ந்து எலக்ட்ரானிக் இசை செய்கிறோம். நான் இருப்பது ராஜபாளையத்தில், மெஷின்கள் எல்லாம் அவன் வீட்டு மாடியறையில். பேஸ், அதாவது பாட்டின் அடியில் ஓடும் கனத்த நாதம், என் பொறுப்பு. அதற்கு, நான் முதன்முதலில் வாங்கிய அனலாக் சிந்தசைசரைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன். அதன் சத்தம் அடிவயிற்றில் வந்து உட்காரும். அவனோ கொஞ்ச நாளாகப் புது அனலாக் மெஷின் ஒன்றைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினான். போதாததற்கு, கிருஷ்ணன்கோவில் காலேஜ் மாணவன் ஒருவன் அடிக்கடி வந்து என் மெஷினைப் பார்த்துவிட்டுப் போகிறானாம். தம்பி அதை விற்கப் பார்க்கிறான், வேறென்ன?

"அக்கா, நீ சொவரப் பாத்து உக்காரு. ரெண்டையும் வாசிக்கேன். எது ஒன்னோடதுன்னு சொல்லு. காலைலேர்ந்து ரெண்டும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

"தப்பாச் சொல்லிட்டா?"

"பொறவு புதுசையே வச்சிக்கிடுவோம்."

"எம்புட்டு வாட்டி வேணும்னாலும் வாசிலே."

என் காதை அவ்வளவு நம்பினேன். எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும் அந்தக் காதைச் சொல்லித்தான் அவன் வாயை அடைப்பேன்.

முதலில் வந்தது சுத்தமான சத்தம், ஆனால் மெலிசு. அடுத்தது கனமாக, மெல்ல மெல்லத் திறந்துகொண்டு வந்தது. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டாவதுதான் என்னோடது. இந்தக் கனம் புதுசுக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது."

தோற்றால் ஒரு மணி நேரம் வாதாடுகிறவன் அன்று குனிந்து கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தான். எனக்குச் சுருக்கென்றது. எழுந்துபோய் என் மெஷின்மேல் கையை வைத்தேன். கொஞ்ச நேரம் ஓடினாலே இஸ்திரி போட்ட சட்டை மாதிரி சுடுகிற முதுகு ஜில்லென்று கிடந்தது.

"ஏலே, யார ஏமாத்துத? இதப் போடவே இல்லையே! அந்தப் பயகிட்ட பேசி முடிச்சிட்டியா?"

"அவன் வாங்க வரலக்கா. ரிப்பேர் பாக்க வந்தான்." அவன் நிமிரவில்லை. "ஒருநா கரண்டு போயிட்டு வந்தப்போ உள்ளேர்ந்து பொக வந்துச்சு. அவன் எல்லாம் பாத்துட்டான், இனி ஆகாதுன்னுட்டான். புதுசு நல்லாருக்குன்னு ஒன் வாயால சொன்ன பொறவு மெதுவாச் சொல்லலாம்னு இருந்தேன்."

கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனால் உடனே இன்னொன்று உறைத்தது.

"அப்போ ரெண்டாவதா வாசிச்சது?"

"அதுவும் புதுசுதான். ஃபில்டரக் கொஞ்சம் மூடி, சத்தத்தக் கனமாக்கி வாசிச்சேன்."

கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மெஷினுக்காக அழுகிறேன் என்று நினைத்து, "விடுக்கா, மெஷின்தான" என்றான். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.