ஊர் கேட்ட வாய்

எனக்கு வாய் சும்மா கிடக்காது. அந்த வாயால் ஒரு போர்க்குற்றச் சாட்சியத்தையே கெடுக்கப் பார்த்தேன்.

ஈழப்போர் முடிந்த வருடத்துக் குளிர்காலம். லண்டன் ஸ்ட்ரெதமில் ஒரு சட்டத்தரணியிடம் மொழிபெயர்ப்புக்குப் போயிருந்தேன். இலங்கையில் ஒரு முகாமில் தனக்கு நடந்ததைச் சொல்ல ஒரு இளம்பெண் சம்மதித்திருந்தாள். போரில் பெண்களைக் கெடுப்பதும் போர்க்குற்றம்தான், என்றாவது ஒரு சர்வதேச நீதிமன்றம் அதை விசாரிக்கலாம், ஆனால் அவளே சொல்லிக் கையெழுத்திட்டால்தான் உண்டு என்றார் சட்டத்தரணி. மூன்று முறை நாள் குறித்தும் வராதவள் அன்று வந்துவிட்டாள்.

சட்டத்தரணி கோப்பெடுக்க உள்ளே போனார். இரண்டே நிமிடம். எங்கள் ஆட்கள் இருவர் சந்தித்தால் முதலில் கேட்பதை நானும் கேட்டேன்.

“பிள்ளை, ஊரிலை எவிடம்?”

சொன்னாள். ஐயோ, என் ஊர்! அம்மா இன்னும் அங்கேதான் இருந்தார்.

“கோயிலுக்குக் கிட்டவோ? ஆற்றை மகள்?” சந்தோஷத்தில் யாருடைய மகள் என்பதையும் கேட்டுத் தொலைத்தேன்.

அவள் முகம் செத்துப்போனது.

சட்டத்தரணி வந்து முதல் கேள்வியைக் கேட்டார். “எனக்கு ஒண்டும் நடக்கேல்லை,” என்றாள். எழும்பிக் கோட்டைப் போட்டாள்.

என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. நடந்ததைச் சட்டத்தரணியிடம் ஒப்புக்கொண்டு, வேறு ஆளைக் கூப்பிடச் சொன்னேன். பிறகு அவள் பக்கம் திரும்பினேன்.

“பிழை என்னிலைதான். நான் போறன், நீர் இரும். வாறவ மலேசியாத் தமிழ். அவவுக்கு எங்கடை ஊரிலை ஒருத்தரையும் தெரியாது.”

கதவில் கைவைத்தபடி கனநேரம் நின்றாள். பிறகு கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

அந்த மலேசிய அம்மா லண்டனின் மறுகோடியிலுள்ள ஹரோவிலிருந்து வந்து சேர ஒன்றரை மணி நேரம். நான் வெளியே படிக்கட்டில் இருந்தேன். கதவு அசைந்தபோதெல்லாம், போகப்போகிறாள் என்று எழுந்து நின்றேன். மலேசிய அம்மா வந்து உள்ளே போனபின் இன்னும் மூன்று மணி நேரம். வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

கண்கள் வீங்கி வெளியே வந்தாள். கையெழுத்திட்டாயிற்று என்று சட்டத்தரணி பின்னாலிருந்து தலையசைத்தார். அவள் நேரே என்னிடம் வந்தாள்.

“அக்கா, நீங்கள் என்னைக் காணேல்லை.”

“காணேல்லை, பிள்ளை.”

அடுத்த ஞாயிறு அம்மாவுடன் தொலைபேசியில் கதைத்தேன். கோயிலடி மனுசி ஒருத்தி தினமும் வந்து அழுகிறாளாம். மகள் லண்டனில் என்று கேள்வியாம், உயிரோடு இருக்கிறாளோ தெரியாதாம்.

“எங்கையேன் கண்டனியே, பிள்ளை?”

“இல்லை அம்மா,” என்றேன். “நான் காணேல்லை.”